மும்பை மழையும் ஊர் மழையும்

தாராவியில் மழை பிடித்துவிட்டால் வகுப்பு நடத்த முடியாது. தகரக் கூரையில் விழும் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூன் மாதம் அப்படித்தான் மழை பிடித்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தோம்.

எங்கள் வகுப்புக்கு ஓர் அக்கா வருகிறார். விடியும் முன்பே எழுந்து இட்லி அவித்து விற்பவர். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமம் அவருடைய ஊர். அங்கே 30 சென்ட் நிலம் இருக்கிறது. ஒரு கிணறும் உண்டு. தம்பி பார்த்துக்கொள்கிறார். அந்த மழையைப் பார்த்ததும் அக்கா செல்போனை எடுத்தார்.

“ஏல, இங்க மழ கொட்டுது. அங்கயும் வந்துரும்லா. தக்காளிக்கு நாத்துப் பாவிரு. ரூவா அனுப்புதேன்” என்று சத்தமாகச் சொன்னார்.

மறுநாளே 4,000 ரூபாய் அனுப்பினார். தம்பியும் சொன்னபடி செய்தார். நாற்று நன்றாகத்தான் வந்தது. ஜூலை நடுவில் பிடுங்கி நட்டார். ஆனால் மழை வரவில்லை. காற்றுதான் வந்தது. பகலெல்லாம் அடித்த காற்றில் மண் காய்ந்தது. கிணற்றில் மோட்டார் அரை மணி நேரம் ஓடினால் தண்ணீர் வற்றிவிட்டது. ஒரு மாதத்தில் பாதி நாற்று கருகியது. மீதி இருந்த செடியில் பூ வந்தது. அதுவும் வெயிலில் உதிர்ந்தது.

“தம்பி மேல தப்பா, வெத மேல தப்பா டீச்சர்?” என்று அக்கா கேட்டார்.

இரண்டின் மேலும் தப்பு இல்லை. தேதிதான் தப்பு.

இரண்டு காற்று, இரண்டு மழை

ஜூன் மாதத்தில் காற்று தென்மேற்கில் இருந்து வருகிறது. அரபிக் கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அதை மறிக்கிறது. காற்று மலை மேல் ஏறும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. மும்பை மலைக்கு இந்தப் பக்கம், கடலோரத்தில் இருக்கிறது. அதனால் நமக்கு மழை.

திருநெல்வேலி, தூத்துக்குடி எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம். ஈரத்தை இங்கே கொட்டிவிட்ட காற்று, வெறும் காற்றாக அங்கே இறங்குகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோமே, அந்தக் காற்று இதுதான். அது மழையைக் கொண்டு வருவதில்லை. மண்ணில் இருக்கும் ஈரத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது.

அக்டோபரில் காற்று திரும்புகிறது. வடகிழக்கில் இருந்து, வங்காள விரிகுடாவின் ஈரத்தோடு வருகிறது. அப்போதுதான் ஊரில் மழை. ஐப்பசியில் அடை மழை என்று பெரியவர்கள் சொன்னது அதைத்தான்.

வானிலைத் துறையின் கணக்குப்படி மும்பையில் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 11. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் அக்டோபர் 20. நடுவில் நான்கு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அளவிலும் பெரிய வித்தியாசம் உண்டு. சாந்தாகுருஸில் ஜூலை மாதம் மட்டும் சராசரியாக 80 செ.மீ.க்கு மேல் பெய்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தில் வருடம் முழுவதும் சேர்த்தே 65 செ.மீ. அளவுதான்.

எல்லா ஊரும் ஒன்று போல இல்லை. செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் பக்கம் மலையில் இடைவெளி இருக்கிறது. அதன் வழியே ஜூன் மாதத்திலேயே சாரல் வரும். தாமிரபரணி வாய்க்கால் பாயும் ஊர்களின் கணக்கு வேறு. அங்கே அணை திறக்கும் நாளைப் பார்க்க வேண்டும். ஆகவே உங்கள் ஊரின் மழையை உங்கள் ஊரில் கேளுங்கள். நம் ஜன்னலுக்கு வெளியே பெய்வது நம் வயலில் பெய்யாது.

காலண்டரைப் பின்னால் இருந்து எண்ணுங்கள்

காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 20-ஐச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். அன்று மழை வரலாம். ஒரு வாரம் முந்தலாம், பிந்தலாம். வரும்போது தக்காளிச் செடி நன்றாக வேர் பிடித்து நிற்க வேண்டும். நட்டு இரண்டு நாள் ஆன நாற்றை அடை மழை சாய்த்துவிடும். ஒரு மாதம் ஆன செடி தாங்கிக்கொள்ளும்.

அப்படியென்றால் நடவு எப்போது? அக்டோபர் 20-ல் இருந்து ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமாகப் பின்னால் போங்கள். செப்டம்பர் 15 வருகிறது. ஆவணி முடியும் நேரம். அதுதான் நடவு நாள்.

விதை எப்போது? தக்காளி நாற்றுக்கு 25 நாள் வயது வேண்டும். செப்டம்பர் 15-ல் இருந்து 25 நாள் பின்னால் போனால் ஆகஸ்ட் 21. ஆவணி முதல் வாரம். அதுதான் விதைக்கும் நாள்.

கத்தரி நாற்றுக்கு 30 முதல் 35 நாள் ஆகும். மிளகாய்க்கு 40 நாள். அதே செப்டம்பர் 15-ல் நட வேண்டும் என்றால், கத்தரியை ஆகஸ்ட் 11 முதல் 16-க்குள் விதைக்க வேண்டும். மிளகாயை ஆகஸ்ட் 6-ல் விதைக்க வேண்டும். இரண்டும் ஆடி மாதக் கடைசியில் வருகின்றன.

ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழி இங்கே வந்து சேர்ந்துவிட்டது, பார்த்தீர்களா? நம் பாட்டிகளிடம் வானிலைத் துறை இல்லை. அவர்களும் ஐப்பசி மழையில் இருந்து பின்னால்தான் எண்ணியிருக்கிறார்கள்.

தக்காளி நட்ட 65, 70 நாளில் முதல் பறிப்பு வரும். செப்டம்பர் 15-ல் நட்டால் நவம்பர் 20 வாக்கில் காய் கிடைக்கும். அது கார்த்திகை. ஐயப்பனுக்கு மாலை போடும் மாதம். ஊரெல்லாம் கறிகாய் தேடும். மழையில் பலருடைய தக்காளி அழுகியிருக்கும். அப்போது கையில் காய் வைத்திருப்பவருக்கு விலை கிடைக்கும். அதற்குச் செடிக்குக் குச்சி ஊன்றிக் கட்ட வேண்டும். காய் மண்ணில் படக் கூடாது.

பணத்தையும் இதே போல எண்ணி அனுப்பலாம். அக்கா 4,000 ரூபாயையும் ஒரே நாளில் அனுப்பினார். விதைக்கும் நாற்றங்காலுக்கும் ஆகும் செலவு கொஞ்சம்தான். அதை ஆடியில் அனுப்பினால் போதும். உழவுக்கும் நடவுக்கும் ஆவணி நடுவில் அனுப்பலாம். களை எடுக்கவும் குச்சி வாங்கவும் ஐப்பசியில் அனுப்பலாம். கிணறு வற்றிவிட்டது என்று நடுவில் தகவல் வந்தால், மீதிப் பணமாவது கையில் நிற்கும்.

சித்திரை, வைகாசியில் கோயில் கொடைக்கு ஊருக்குப் போகிறவர்கள் உண்டு. அப்போது விதைக்க வேண்டாம். கோடை மழை பெய்தால் ஓர் உழவு ஓட்டிவிட்டு வாருங்கள். குப்பையைக் குழியில் போட்டு மூடிவிட்டு வாருங்கள். ஆவணிக்குள் மட்கிவிடும். கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் கிடக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

விதைப் பாக்கெட்டைப் படியுங்கள்

பாக்கெட்டில் ஆங்கில எழுத்து நிறைய இருக்கும். பயப்பட வேண்டாம். எண்களைப் பாருங்கள். முளைப்பு எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். தக்காளி, கத்தரிக்குக் குறைந்தது 70 வேண்டும். மிளகாய்க்கு 60. வெண்டைக்கு 65. எந்த மாதம் சோதித்தார்கள், எந்த மாதம் வரை விதைக்கலாம் என்று இரண்டு தேதிகள் இருக்கும். இரண்டாவது தேதி தாண்டியிருந்தால் வாங்காதீர்கள். சான்று பெற்ற விதை என்றால் நீல அட்டை இருக்கும். ரசீது கேட்டு வாங்குங்கள். காலி பாக்கெட்டையும் ரசீதையும் அறுவடை வரை எறிய வேண்டாம். விதை மோசம் என்றால் முறையிட அவைதான் சாட்சி.

வீட்டில் எடுத்து வைத்த விதைக்கு அட்டை கிடையாது. அதை நாமே சோதிக்கலாம். ஈரத் துணியில் பத்துப் பத்தாகப் பத்து வரிசை வையுங்கள். மொத்தம் 100 விதை. துணியைச் சுருட்டி, ஈரம் காயாமல் வைத்திருங்கள். பத்து நாள் கழித்துப் பிரித்து எண்ணுங்கள். 70 முளைத்திருந்தால் நல்ல விதை. 40 என்றால் வேறு விதை தேடுங்கள். இதைத் தாராவியில் பத்துக்குப் பத்து அறையிலேயே செய்யலாம். அக்கா இட்லித் துணியில்தான் செய்தார்.

நாற்றங்கால்

ஓர் ஏக்கர் தக்காளிக்கு 150 கிராம் விதையும் ஒரு சென்ட் நாற்றங்காலும் போதும். அக்காவின் 30 சென்டுக்கு 45 கிராம் விதை. நாற்றங்கால் 12 சதுர மீட்டர். அதாவது 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்தில் நான்கு மேட்டுப் பாத்திகள். ஏன் 1 மீட்டர் அகலம்? அப்போதுதான் இரண்டு பக்கமும் உட்கார்ந்து நடுவரை கை எட்டும். பாத்தியை மிதிக்க வேண்டியது இல்லை.

பாத்தியை அரை அடி உயர்த்துங்கள். மட்கிய எருவைக் கலந்து மட்டம் செய்யுங்கள். குறுக்கே விரலால் கோடு கிழியுங்கள். கோட்டுக்குக் கோடு நான்கு விரல் இடைவெளி விடுங்கள். விதையை அதில் மெல்லியதாகத் தூவி, மணலால் மூடுங்கள். மேலே வைக்கோல் பரப்பிப் பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். முளை தெரிந்ததும் வைக்கோலை எடுத்துவிட வேண்டும். மறந்தால் நாற்று வெளுத்து நீண்டுவிடும்.

நாற்றங்காலில் பெரிய எதிரி நாற்றழுகல். நேற்று நன்றாக நின்ற நாற்று, இன்று தண்டு நைந்து மடிந்து கிடக்கும். விதை நெருக்கமாக விழுந்தாலும் தண்ணீர் தேங்கினாலும் இது வரும். டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூசணத் தூளைக் கேட்டு வாங்குங்கள். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் கலக்க வேண்டும். 45 கிராம் விதைக்கு ஒரு சிட்டிகை போதும். பாத்தி மேடாக இருந்தால் பாதி நோய் வராது.

நடவு

நடவுக்கு ஒரு வாரம் முன்பு தண்ணீரைக் கொஞ்சம் குறையுங்கள். நாற்று வெயிலுக்குப் பழகும். பிடுங்கும் நாளில் முதலில் பாத்தியை நனையுங்கள். காய்ந்த மண்ணில் பிடுங்கினால் வேர் அறுந்துவிடும். உயரமான நாற்றைப் பார்த்து ஆசைப்படக் கூடாது. குட்டையாக, தண்டு தடித்து, நான்கைந்து இலையோடு இருப்பதுதான் நல்ல நாற்று.

மாலை நேரத்தில் நடுங்கள். இரவு முழுவதும் நாற்றுக்கு ஓய்வு கிடைக்கும். பார் பிடித்து, பாரின் சரிவில் நட வேண்டும். வாய்க்கால் நடுவில் நட்டால் ஐப்பசி மழையில் செடி நீரில் நிற்கும். தக்காளிக்கு வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 45 செ.மீ. அந்தக் கணக்கில் 30 சென்டுக்கு ஏறத்தாழ 4,400 நாற்று பிடிக்கும். சாகும் நாற்றுக்காக 500 கூடுதலாக வைத்திருங்கள். நட்டதும் தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர், பிறகு மண்ணைப் பார்த்துத் தண்ணீர். பத்து நாளுக்குள் காய்ந்த இடங்களில் மறு நாற்று நட்டுவிடுங்கள். பிறகு நட்டால் அது மற்றச் செடிகளின் நிழலில் சிக்கிக்கொள்ளும்.

எல்லாக் காய்க்கும் நாற்று தேவையில்லை. வெண்டை, கொத்தவரை, கீரை, பாகல், பீர்க்கு, பூசணி ஆகியவற்றை நேராக வயலிலேயே ஊன்ற வேண்டும். வெண்டையைப் பிடுங்கி நட்டால் சுணங்கிப் போகும். வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும். அவசரப் பணம் தேவைப்படுபவர்களுக்கு ஏற்ற பயிர்.

கிணறு இல்லையென்றால்

மேலே சொன்ன கணக்குக் கிணறு உள்ளவர்களுக்கு. செப்டம்பர் 15-க்கும் அக்டோபர் 20-க்கும் நடுவில் தண்ணீர் விட வழி வேண்டும். மழையை மட்டும் நம்பும் நிலத்தில் தக்காளி வேண்டாம் என்பேன். விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் விவசாயிகளைப் பாருங்கள். மிளகாய் விதையைப் புரட்டாசியில் நேராக வயலில் விதைத்துவிடுகிறார்கள். நாற்று விடுவதும் இல்லை, நடுவதும் இல்லை. வரும் மழையில் முளைத்து, பனியில் வளர்ந்து, மழை முடிந்த பிறகு பழுக்கிறது. கொத்தவரையும் காய்ச்சலைத் தாங்கும்.

மழை அதிகமானால்

26-7-2005 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 94 செ.மீ. மழை பெய்தது. அதை நம்மில் யாரும் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. வருடம் முழுவதும் பெய்ய வேண்டியதைவிட அதிகம். எந்தப் பாரும் எந்த வடிகாலும் அதைத் தாங்காது. அதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும்.

ஆனால் வழக்கமான மழையில் அழியும் தோட்டங்களே அதிகம். ஒரு நாள் தண்ணீர் தேங்கினாலே தக்காளியும் மிளகாயும் வாடிவிடும். வயலின் தாழ்ந்த மூலையில் இருந்து வெளியே ஒரு வடிகால் வெட்டுங்கள். புரட்டாசியிலேயே வெட்டிவிட வேண்டும். மழையில் மண்வெட்டி எடுத்துப் பயனில்லை. இன்னொன்று, நிலம் முழுவதையும் ஒரே நாளில் நடாதீர்கள். 15 சென்டில் இப்போது, மீதி 15 சென்டில் மூன்று வாரம் கழித்து. ஒன்று போனாலும் ஒன்று நிற்கும். காயும் ஒரே வாரத்தில் வந்து குவியாது.

மும்பையில் தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு

செம்பூரில் மாடியிலும் வாசலிலும் டப்பாவில் செடி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு ஜூன் 11-தான் வட்டம் போடும் நாள். பீர்க்கு, புடலை, பாகல் ஆகியவற்றை மே மாதக் கடைசியில் ஊன்றிவிடுங்கள். மழை வலுக்கும் முன் கொடி பந்தல் ஏறிவிடும். டப்பாவின் அடியில் ஓட்டை அடைபடாமல் இருக்கட்டும். மிளகாயும் தக்காளியும் மழை முடிந்து, அக்டோபரில் நடுங்கள். கொங்கண விவசாயிகளும் மழையில் பந்தல் காய் வைப்பார்கள். மிளகாயை நெல் அறுத்த பிறகு அந்த ஈரத்தில் வைப்பார்கள். ஊர்க்காரர்களும் அவர்களும் எண்ணும் முறை ஒன்றுதான். எண்ணத் தொடங்கும் நாள்தான் வேறு.

அக்காவின் காலண்டர்

அக்கா அடுத்த வருடம் காலண்டரில் தானே எழுதினார். ஆகஸ்ட் 21-ல் ‘விதை’. செப்டம்பர் 15-ல் ‘நடவு’. எழுத்துக் கோணலாக இருந்தது. தேதி சரியாக இருந்தது. இந்த முறை 30 சென்டையும் தக்காளிக்குக் கொடுக்கவில்லை. 20 சென்டில் தக்காளி, அதுவும் இரண்டு தவணையாக. மீதி 10 சென்டில் என்ன வைக்கலாம் என்று தம்பியோடு போனில் பேச்சு நடந்தது.

“சிறுகெழங்கு வைப்போமா, அக்கா? பொங்கலுக்குப் போயிரும்” என்றார் தம்பி.

பொங்கல் நேரத்தில் மாட்டுங்கா மார்க்கெட்டில் சிறுகிழங்கைத் தேடி அலைகிறோம். ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் அது நிறைய விளைகிறது. அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டே காலண்டரைப் புரட்டினார். பொங்கலில் இருந்து பின்னால் எண்ணினார். நட்டதில் இருந்து கிழங்கு எடுக்க ஐந்து மாதம். ஆகஸ்ட் நடுவில் நட வேண்டும். நடுவது கிழங்கை அல்ல, கொடியை. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக வெட்டி நடுவார்கள். அந்தக் கொடி கிடைக்க, அதற்கு ஒன்றரை மாதம் முன்பே விதைக் கிழங்கை நாற்றங்காலில் புதைத்திருக்க வேண்டும். ஜூலை முதல் வாரம். ஆனி மாதம்.

“இன்னைக்குத் தேதி என்ன டீச்சர்?” என்று கேட்டார்.

ஜூன் 20.

“ஏல, இன்னும் பத்து நாளுதான் கெடக்கு. வெதக் கெழங்கு எங்க கெடைக்கும்னு நாளைக்கே போயிப் பாரு” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.